நாற்பத்தொரு விநாடி யாருடையது

ஜூலை 14, திங்கள்

வலது காலில் இரண்டு கொப்புளம், இடது காலில் ஒன்று. ஜெர்மன்காரன் போட்ட தார் ரோட்டுக்கு நேர்த்திக்கடன் எல்லாம் தெரியாது. முப்பத்திரண்டு பாகை வெயிலில் வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் போனால் சுடத்தான் செய்யும். தொண்டர்கள் முன்னால் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தண்ணீர் கோயில் தலைவர் குலசிங்கத்தார் நடந்த பக்கம்தான் அதிகம் விழுந்தது என்று எழுதி வைக்கிறேன். இந்தக் கொப்பியில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

இன்று காலை முதியோர் இல்லத்துச் சமையலறையில் எண்பது பேருக்கு உருளைக்கிழங்கு. நானும் பவளமும் சீவினோம். பதினொரு வருடமாக ஒரே மேசையில் எதிரெதிரே நின்று சீவுகிறோம். கத்தி ஓய்ந்தாலும் பவளத்தின் வாய் ஓயாது. இன்று நானாகக் கேட்கும்வரை ஒரு சொல் இல்லை.

நேற்று அவள் மாதுளம்பூ நிறத்தில் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். தேர் வடத்தில் கைவைக்கப் போனதைப் பார்த்தேன். பிறகு திரும்பிப் பார்த்தால் கூட்டத்தின் கடைசியில், செருப்பு குவிந்து கிடந்த இடத்தில் நின்றாள்.

"என்னடி, நேற்றுப் பின்னாலை போய் நிண்டனீ?"

"சனம் கூடிப்போச்சு அக்கா. அதுதான்."

சனம் கூடவில்லை. வடத்தில் பாதி வெறுமையாகக் கிடந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பிடிக்க வைத்தார்கள். நான் அடுத்த கிழங்கை எடுத்தேன்.

ஜூலை 19, சனி

தவம் கோயிலுக்குப் போய்விட்டார். என்னைக் கட்டிய தவநேசன், தொழிற்சாலையில் ஐந்து நாள் இரும்பு வெட்டுகிறவர், சனி ஞாயிறு அம்மனுக்கு வீடியோ எடுக்கிறவர். பத்தொன்பது வருடத் தொண்டு. கமராவும் அவருடையது, பெற்றோலும் அவருடையது.

அவரிடம் லேபிள் அடிக்கும் சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது. மிளகாய்த்தூள் போத்தலில் இருந்து நிலவறைப் பூட்டின் திறப்பு வரைக்கும் லேபிள். என் நெற்றியில் இன்னும் ஒட்டாததுதான் மிச்சம். இன்று சமையலறை மேசையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிட்டுப் போயிருந்தார். லேபிளில் "தேர் 13.07, முழுவதும்". அதற்குக் கீழே பேனாவால் 2:14 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. வழக்கமாக எதையும் மேசையில் விட்டுவிட்டுப் போகிற மனிதர் அல்ல. வேலைக் களைப்பாக இருக்கும்.

சும்மா பார்க்கலாம் என்று போட்டேன். இரண்டு மணி பதினாலாவது நிமிடத்துக்கு ஓடவிட்டேன்.

தேர் திருப்பத்தில் நிற்கிறது. தலைவரின் சால்வையில் மைக் குத்தியிருக்கிறது. அறிவித்தல் முடிந்ததும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தவம் அந்த மைக்கில் இருந்து நேரே தன் கமராவுக்கு ஒரு தொடுப்பு வைத்திருப்பார். ஊருக்குக் கேட்காததும் கமராவுக்குக் கேட்கும். தலைவர் பக்கத்தில் நின்ற தொண்டர்களிடம் சொல்கிறார்:

"பவளத்தின்ரை ஆக்களை வடத்திலை கைவைக்க விடாதேங்கோ. ஊரிலை நிண்ட இடத்திலையே இஞ்சையும் நிக்கட்டும். கோவிக்காமல் சொல்லி அனுப்புங்கோ."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், சால்வையைச் சரி செய்கிறார். மொத்தம் நாற்பத்தொரு விநாடி.

கோயிலின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிற வீடியோவையும் எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் குரல் இல்லை, மேளச்சத்தம் போட்டு மூடியிருக்கிறது. மூடியது என் புருஷன். எனக்கு வந்த கோபத்தில் மத்தியானச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துபோனேன். கோயிலால் வந்து அவரும் அதை அப்படியே சாப்பிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

போட்டுவிட்டேன்.

"கொதிசட்டி" என்ற வீடியோச் சானல் என்னுடையது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நாலு வருடமாக நடத்துகிறேன். வீடியோவில் முகமில்லை, குரலில்லை. நீலக் கையுறை போட்ட இரண்டு கை வெங்காயம் வெட்டும், கீழே எழுத்து ஓடும். கத்தரிக்காய் வதங்குவதற்குள் எங்கள் சங்கங்களையும் சபைகளையும் ஒரு பிடி பிடித்துவிடுவேன். சுவிசில் இருக்கிற ஒரு இளந்தாரிதான் இதை எழுதுகிறான் என்று ஊர் நம்புகிறது. போன வருடம் மாதர் சங்கத் தலைவி என்னிடமே வந்து, "அந்தப் பொடியனுக்கு வாய்க்கொழுப்பு, ஆனா வடிவாய் வெட்டுறான்" என்றாள். ஒரு கிழமைக்கு எனக்குச் சந்தோஷம்.

இன்று வெங்காயம் இல்லை. நாற்பத்தொரு விநாடியை அப்படியே வைத்தேன். கீழே ஒரு வரி: "அம்மனின் வடம் யாருடைய வடம்?"

ஜூலை 23, புதன்

பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பம் நூற்றிருபது. கனடாவில் இருந்து என் மகள் போன் எடுத்து, "அம்மா, உங்கடை கோயில்தானே?" என்கிறாள். ஓம் என்றேன்.

படம் எப்படி வெளியே போனது என்று சபை கூட்டி தவத்தைக் கேட்டார்களாம். கமரா இரண்டு நாள் கோயில் களஞ்சிய அறையில் கிடந்தது, ஆர் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். கக்கூசுக்குப் போனாலும் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற மனிதர். அவருக்கும் ஞாபகமறதி தொடங்கிவிட்டது போல.

ஜூலை 25, வெள்ளி

இன்றைக்குத்தான் பவளம் தானாக வாய் திறந்தாள். கையில் இருந்த கத்தியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, கொதிசட்டிக்காரன் என்ரை அவமானத்தை ஊருக்குக் காட்டிப்போட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டவனோ? என்ரை மகள் பள்ளிக்கூடத்திலை கூடப் படிக்கிற பிள்ளையள் போனிலை போட்டுக் காட்டுதுகளாம். தன்ரை பேர் தெரியக்கூடாதெண்டு ஒளிச்சிருக்கிறான். என்ரை பேரை மட்டும் பதினோராயிரம் பேருக்கு விட்டிட்டான்."

நான் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தேன். தோல் முடிந்தும் சீவினேன். சமையலறைப் பொறுப்பாளர் வந்து, இன்று கிழங்கு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டார்.

ஜூலை 30, புதன்

வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. "பதிப்புரிமை முறைப்பாடு காரணமாக நீக்கப்பட்டது. முறையிட்டவர்: ஆலய நிர்வாக சபை."

மூன்று தரம் வாசித்தேன். பொய் என்று அவர்கள் எங்கேயும் எழுதவில்லை. வெட்டி ஒட்டியது என்றும் எழுதவில்லை. எங்களுடையது, எங்களைக் கேட்காமல் எடுத்தது, ஆகவே அழியுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பேச்சு உங்களுடையதுதானே ஐயா. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

மறுப்புத் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. முழுப் பெயர், வீட்டு விலாசம், கையொப்பம். கீழே சின்ன எழுத்தில், இந்த விபரங்கள் முறையிட்டவருக்கு அனுப்பப்படும் என்று போட்டிருக்கிறது. ஆகஸ்ட் 13க்குள் அனுப்பாவிட்டால் வீடியோ போனது போனதுதான். என் கணக்கில் பழைய முறைப்பாடு இரண்டு இருக்கிறது. பின்னால் ஓடிய பாட்டுக்காக வந்தவை, பேசாமல் விட்டேன். இது மூன்றாவது. கொதிசட்டி முழுவதுமே மூடப்படும்.

ஒளிந்திருந்தால் வாயை அடைப்பார்கள். வாயைத் திறந்தால் விலாசம் கேட்பார்கள். என் விலாசத்தில் தவமும் இருக்கிறார். அவருக்குத் தொழிற்சாலையும் கோயிலும் தவிர மூன்றாவது இடம் கிடையாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இந்தக் கிழமை படிக்கட்டு கழுவுவது எங்கள் முறை. கட்டடத்தில் ஐந்து வீடு. யார் முறையோ அவர்கள் கதவில் முறை எழுதிய ஒரு மட்டை தொங்கும். வாளியோடு குனிந்து நின்றபோது மேலே ஏறி வந்தது குலசிங்கத்தாரின் சப்பாத்து. ஈரத்தில் மிதித்துக்கொண்டுதான் வந்தார்.

"என்ன பிள்ளை, தவம் நிக்கிறாரே?"

தேத்தண்ணீர் கொடுத்தேன். மூன்று கரண்டி சீனி கேட்டார். சந்தோஷமாக இருந்தார்.

"தவம், அலுவல் நல்லாய்ப் போகுது. உவன் மறுத்து எழுதினான் எண்டால் பேரும் விலாசமும் எங்கடை கையிலை வரும். எழுதாட்டில் படம் போச்சு. எப்பிடிப் பார்த்தாலும் ஆள் துலைஞ்சான்."

"உவன் சொன்னது பொய்யெண்டு எழுதினனீங்களோ, அண்ணை?" என்று கேட்டது நான். தேத்தண்ணீர் கொடுக்க வந்தவள் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"உது வேறை கதை பிள்ளை. உதுக்கெல்லாம் சாட்சி, விசாரணை எண்டு இழுபடும். பதிப்புரிமை எண்டால் ஒரு தாளோடை முடிஞ்சுது."

பிறகு பைக்குள் இருந்து அந்தத் தாளை எடுத்தார். கோயிலுக்கு எடுத்த படம் எல்லாவற்றின் உரிமையும் கோயிலுக்கே என்று தவம் ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தது. திகதி போன வருடத் தை மாதம்.

"ஒரு சின்னக் கையெழுத்து, தவம். வக்கீல் கேக்கிறான்."

"வைச்சிட்டுப் போங்கோ அண்ணை. கண்ணாடியைக் காணேல்லை. எடுத்து வாசிச்சிட்டுத் தாறன்."

கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. எனக்குத் தெரிந்தது, தலைவருக்கும் தெரிந்திருக்கும். தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்துச் செருகினார் தவம். தலைவர் போனபின் நான் படிக்கட்டை இரண்டாம் முறை கழுவினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நகர நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் இணைய உரிமை ஆலோசனை, இலவசம். வேலை முடிந்து வெங்காய வாசத்தோடு போனேன். இருந்தவர் ஃப்ராவ் ப்ரூக்னர், ஐம்பது வயது வழக்கறிஞர், காதில் ஒரு தோடு மட்டும். மற்றது எங்கே என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். ஒரு அந்நியப் பெண்ணிடம், அந்நிய மொழியில்.

"இந்தப் படிவத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்," என்றார். "போன மாதம் ஒரு நர்ஸ். அதற்கு முதல் ஒரு ஆசிரியர். ஒரு பெயர் தெரிய வேண்டும், வேறு வழியில்லை என்றால் பதிப்புரிமை என்று முறையிடுகிறார்கள். ஐரோப்பாவில் பெயர் சொல்லாமல் பேசவும் சட்டம் இருக்கிறது, உங்கள் பெயரைக் கேட்டு வாங்கவும் சட்டம் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிற அயலவர்கள் மாதிரி. படிக்கட்டில் கண்டால் முகம் பார்ப்பதில்லை."

பிறகு கேட்டார்: "கமராவைப் பிடித்தது யார்?"

என் கணவர் என்றேன்.

"கமரா யாருடையது? சம்பளம் எவ்வளவு? ஒப்பந்தம் இருக்கிறதா?"

தொண்டு என்பதற்கு ஜெர்மனில் சொல் தேடிக் களைத்துப்போனேன். அது அம்மனுக்குச் செய்வது, கூலி வாங்கினால் பாவம், தாளில் எழுதினால் மரியாதையில்லை என்றேன். கோயில் தொடங்கிய நாளில் இருந்து எங்கள் ஆட்கள் ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. சமைப்பவர், மாலை கட்டுபவர், படம் எடுப்பவர், எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். கேட்டால், என்ன, அம்மனோடை ஒப்பந்தமோ என்பார்கள்.

ஃப்ராவ் ப்ரூக்னர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் அந்தப் படம் கோயிலுடையது அல்ல, திருமதி. எடுத்தவருடையது. கோயில் அதைக் காட்டலாம், அவ்வளவுதான். மற்றவர்களைத் தடுக்க உங்கள் கணவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அம்மனும் எதிலும் கையெழுத்து வைக்கவில்லையே."

இப்போதுதான் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கும் தாள் எனக்கு விளங்கியது.

"இதை உங்கள் கணவர் எழுதித் தந்தால் முறைப்பாடு நிற்காது. ஆனால் மறுப்பு உங்கள் பெயரில்தான் போக வேண்டும், அதை என்னால் மாற்ற முடியாது. கணவர் என்ன சொல்கிறார்?"

"அவருக்கு ஒன்றும் தெரியாது," என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

"கையெழுத்து வைக்கேல்லையே?"

"கண்ணாடி கிடைக்கேல்லை மங்கை."

மூக்கில் கண்ணாடியோடு பேப்பர் வாசித்துக்கொண்டு சொல்கிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பவளத்தின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ். மகள் நீச்சலுக்குப் போயிருந்தாள். பவளம் பல்கனியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துவாயை எடுத்து உதறினேன். சுற்றிவளைக்க எனக்கு வராது.

"பவளம், கொதிசட்டி நான்தான்."

அவள் உடுப்புக் கவ்வியை வாயில் இருந்து எடுத்தாள். என் கையைப் பார்த்தாள். நாலு வருடமாக அந்தக் கையை வீடியோவிலும், பதினொரு வருடமாக மேசையிலும் பார்த்திருக்கிறாள்.

"வெங்காயத்தை நீட்டுக்கு வெட்டேக்கையே எனக்கு ஒரு ஐமிச்சம் இருந்தது," என்றாள். பிறகு உடுப்புக் கூடைக்குத் திரும்பினாள். மூன்று துவாய், ஒரு விரிப்பு, மகளின் பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாம் காயப்போட்டு முடிந்தது. நான் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டி வரும், அது நியாயமில்லை என்று அடக்கினேன்.

"பிழை விட்டிட்டன். உன்ரை பேர் இருந்தது, உன்னைக் கேக்கேல்லை. எனக்குத் தலைவரைப் பிடிச்சுக் கொடுக்கிற அவசரம்."

"கேட்டிருந்தால் நான் ஓம் எண்டிருப்பன் அக்கா. அதுதான் கோவம். வடத்துக்கு அவை என்னைக் கேக்கேல்லை, வீடியோவுக்கு நீங்கள் கேக்கேல்லை."

மிச்சமிருந்த கவ்விகளைப் பொறுக்கிக் கூடைக்குள் போட்டேன்.

உள்ளே போய் இரண்டு கோப்பை கோப்பி கொண்டுவந்தாள். கோப்பையை என் கையில் தந்துவிட்டு, "இப்ப கேளுங்கோ," என்றாள்.

"திரும்பப் போடட்டோ?"

"போடுங்கோ. ஆனா இந்த முறை உங்கடை பேரோடை. என்ரை பேர் வெளியாலை நிக்கேக்கை நான் தனிய நிக்கேலாது."

ஆகஸ்ட் 11, திங்கள்

தவம் கமராக்காலின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில் சொன்னேன். கொதிசட்டி, டிஸ்க், பவளம், ப்ரூக்னர், பதின்மூன்றாம் திகதி எல்லாம். இருபத்தெட்டு வருடத்தில் அவரிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான், அதுவும் நாலு வருடமாக.

அவர் தலை நிமிரவில்லை.

"குரல் தெளிவாய்க் கேட்டதோ?" என்றார்.

"என்ன?"

"நீர் போட்ட துண்டிலை. தலைவற்றை குரல். மேளம் குறுக்கிடேல்லையே?"

"தெளிவாய்க் கேட்டது."

"ம்." திருகாணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

அலமாரியில் அந்த டிஸ்க் இருந்தது. லேபிளில் 2:14, அவருடைய கையெழுத்து, சுற்றிவரப் பேனா வட்டம். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். நான் டிஸ்க்கை நிமிர்த்தி வைத்தேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"பத்தொன்பது வருஷம் நல்ல இடமாய்ப் பார்த்து வெட்டி ஒட்டினனான் மங்கை. எத்தினை தரம் மேளம் போட்டு மூடியிருப்பன் எண்டு எனக்குத்தான் தெரியும். கை களைச்சுப் போச்சு."

பிறகு எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார், காந்தத்தைத் திரும்ப ஒட்டினார். வெள்ளைத்தாள் ஒன்று எடுத்துத் தொழிற்சாலை ஜெர்மனில் நாலு வரி எழுதினார். படம் எடுத்தது நான். கமரா என்னுடையது. நான் யாருக்கும் உரிமை எழுதிக் கொடுக்கவில்லை. இந்த நாற்பத்தொரு விநாடியைக் காட்ட என் மனைவிக்கு அனுமதி தருகிறேன்.

"அனுமதி" என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோயிலாலை நிப்பாட்டிப் போடுவினம்," என்றேன்.

"ஓம். நிப்பாட்டுவினம்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் சமைக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பெயர்: மங்கையற்கரசி தவநேசன். விலாசத்தில் மாடி எண்ணும் போட்டேன், தேடி அலையக்கூடாது. அனுப்பியாயிற்று. இரவுக்குப் புட்டு.

ஆகஸ்ட் 16, சனி

காலை எட்டரைக்குச் செயலாளர் போன் எடுத்தார். "கமராவோடை வராதேங்கோ" என்று தவத்திடம் சொல்லிவிட்டு வைத்தாராம். தலைவர் தானாகப் போன் எடுத்துச் சொல்லவில்லை. கோயிலின் போன் குழுவில் இருந்து எங்கள் இரண்டு பேரின் இலக்கத்தையும் நீக்கிவிட்டார்கள்.

தவம் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, வரவேற்பறைக் கதிரையில் இருந்தார். கமராப் பை காலடியில். பத்து மணிவரை அப்படியே இருந்தார். இதைச் செய்தது நான் என்று நினைத்தேன். பிறகு, இல்லை, குலசிங்கம் என்று நினைத்தேன். இரண்டையும் மாறி மாறி நினைத்தேன்.

மாதர் சங்கத் தலைவி குரல் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறாள், நாலு நிமிடம். பொம்பிளையாய்ப் பிறந்து, குடும்பம் நடத்திக்கொண்டு, இப்படிச் செய்யலாமோ என்கிறாள். வடிவாய் வெட்டுகிற பொடியன் என்று சொன்னது மறந்துபோச்சு.

மூன்று பேர் தனித்தனியே போன் எடுத்து, நல்ல காரியம் செய்தீர்கள் என்றார்கள். மூன்று பேரும் கடைசியில் ஒரே வசனம்: "நான் கதைச்சதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." சொல்லவில்லை. ஒளிந்திருப்பதன் அருமை எனக்குத் தெரியும். நாலு வருடம் அந்த நிழலில் இருந்துதான் எனக்கு வாயே வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று பவளத்தின் வாய் ஓயவில்லை. காது வலிக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாம்பல் பெட்டி போய்விட்டது. நாற்பத்தொரு விநாடியும் திரும்ப வந்துவிட்டது. முறையிட்டவர் உரிமையை நிரூபிக்கவில்லை, வழக்கும் போடவில்லை என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறார்கள்.

வீடியோவுக்குக் கீழே புதிதாக எழுதினேன். வெளியிட்டவர் மங்கையற்கரசி. ஒளிப்பதிவு தவநேசன். பவளத்துக்கு போன் எடுத்து, உன் பெயரை எழுதட்டோ, வேண்டாமோ என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்கோ. தேர் இழுக்க வந்தவர் எண்டு எழுதுங்கோ," என்றாள். அப்படியே எழுதினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பவளத்துக்கு வருகிற மாதம் ஐம்பது வயது. மண்டபம் எடுத்திருக்கிறாளாம். "தவம் அண்ணை வீடியோ எடுப்பாரோ?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். பையை அலமாரிக்கு மேலே ஏற்றியிருந்த மனிதர், கதிரை போட்டு ஏறி அதை இறக்கினார். பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை எழுதி நீட்டினார். பவளராணியின் பிறந்தநாள் படம் முழுவதும் பவளராணியுடையது, அவரைக் கேட்காமல் ஒரு விநாடியும் வெளியே போகாது, இப்படிக்குத் தவநேசன்.

"எங்களுக்குள்ளை என்ன அண்ணை தாள்?" என்றாள் பவளம்.

"முதல் கையெழுத்தை வையும்," என்றார் தவம்.

செப்டம்பர் 4, வியாழன்

பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் கீழே நின்று அழைப்புமணிப் பலகையில் என் பெயரைத் தேடிவிட்டுத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தாராம். பதினேழு வருடமாக அங்கே "தவநேசன்" மட்டும்தான் இருக்கிறது. படிக்கட்டு கழுவிக்கொண்டு நின்றபடியால் நான் கண்டுவிட்டேன். இந்தக் கிழமை திரும்பவும் எங்கள் முறை.

"இது யார்?" என்று உறையைக் காட்டினார்.

"நான்," என்றேன்.

கோயிலின் வக்கீல் அனுப்பியது, மூன்று பக்கம். வீடியோவை உடனே அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் சந்திப்போம் என்று இருக்கிறது. வாளிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அகராதி இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக்கொண்டு போனேன். "பொய்" என்ற சொல்லைத் தேடினேன். இந்த முறையும் இல்லை.

ப்ரூக்னருக்கு படம் எடுத்து அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். பயமா என்றால், பயம்தான். ஆனால் நித்திரை வருகிறது, பசிக்கிறது. போன மாதம் இரண்டும் இருக்கவில்லை.

தவம் வேலையால் வந்ததும் கடிதத்தை நீட்டினேன். வாசித்தார். கண்ணாடி இருந்தது. மடித்து என்னிடம் தந்துவிட்டு லேபிள் மெஷினை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன். என் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பெயர் நீளம், பலகையில் இடம் போதவில்லை. தன் பெயரை நகத்தால் உரித்துக் கழற்றினார். என்னுடையதை மேலே ஒட்டி, தன்னுடையதைச் சின்ன எழுத்தில் அடித்துக் கீழே ஒட்டினார்.

மணியை அழுத்திப் பார்த்தேன். மேலே எங்கள் வீட்டில் அடிப்பது கீழே வரை கேட்டது. இனி என்னைத் தேடி ஒருவரும் கஷ்டப்படத் தேவையில்லை. படிக்கட்டும் கழுவியாயிற்று. வருகிறவர்கள் வரட்டும்.